பழைய பிக்கப்பில் துருவும் விரிசலும்: வண்டிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருநெல்வேலிச் சீமையில் பிக்கப் ஓடாத ஊர் இல்லை. உவரி, கூத்தங்குழி, இடிந்தகரையில் மீன். களக்காடு, ஏர்வாடிப் பக்கம் வாழைத்தார். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவிப் பக்கம் நெல்லும் வைக்கோலும். தூத்துக்குடி ஓரம் உப்பு. மேலப்பாளையம் சந்தைக்கு ஆடு. லோடு எதுவோ அதற்கேற்ற துருதான் வண்டியில் ஏறும். வண்டித் தகட்டைச் சீர்செய்யும் டிங்கரிங் பட்டறைக்கு வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே எழுதியிருக்கிறேன். பொலிரோ பிக்கப், டாடா 207, தோஸ்த், குட்டி யானை எதுவானாலும் பெரும்பாலும் இது பொருந்தும். ஓட்டையை அடைப்பது பாதி வேலைதான். அந்த இடத்தில் தண்ணீர் ஏன் நின்றது, தகடு ஏன் ஆடியது என்று கண்டுபிடிப்பதுதான் மீதிப் பாதி. அதைச் செய்யாமல் எவ்வளவு செலவழித்தாலும், அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அதே இடம் திரும்பவும் போய்விடும்.

வண்டி வெளியே பளபளப்பாக இருக்கிறது. உள்ளே துரு இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தட்டிப் பாருங்கள். பானை வாங்கும்போது தட்டிப் பார்த்து வாங்குகிற அதே வேலைதான் இது. ஸ்பேனரின் பின்பக்கத்தால் மெதுவாகத் தட்டினால் நல்ல தகடு கணீரென்று கேட்கும். உளுத்த தகடோ, பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) போட்டு மூடிய தகடோ மந்தமாகக் கேட்கும். காந்தம் ஒன்றையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டி கனமாக இருக்கிற இடத்தில் காந்தம் சரியாகப் பிடிக்காது. பழைய வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு இந்த இரண்டு சோதனையும் கட்டாயம் வேண்டும்.

பார்க்க வேண்டிய இடங்கள் இவை: கதவின் அடிமடிப்பு, ஓட்டுநர் கால் வைக்கும் மேட்டுக்கு (கால்விரிப்புக்கு) அடியில் உள்ள தளம், முன்கண்ணாடி ரப்பரின் கீழ்மூலைகள், மட்கார்டின் உள்பக்கம், கேபின் சேசிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) உட்காரும் மவுண்டிங், கேபினுக்குப் பின்சுவர், லோடு பாடிக்கு அடியில் போகும் குறுக்குச் சட்டங்கள். மேட்டைத் தூக்காமல் வண்டியைப் பார்த்தேன் என்று யாராவது சொன்னால் அவர் வண்டியைப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

பெயிண்டில் சின்னச் சின்னக் கொப்புளம் மட்டும்தான் இருக்கிறது. கொஞ்ச நாள் பொறுக்கலாமா?

பொறுக்க வேண்டாம். இரும்பு துருவாக மாறும்போது அதற்கு முன்பைவிடப் பல மடங்கு இடம் தேவைப்படும். அந்த வீக்கம்தான் பெயிண்டை மேலே தள்ளுகிறது. வெளியிலிருந்து கல் பட்டு வந்த துரு என்றால் கொப்புளம் தெறித்த இடத்தில் மட்டும் இருக்கும், சுரண்டினால் அடியில் கெட்டித் தகடு தெரியும். கதவின் அடிவிளிம்பில் வரிசையாக வரும் கொப்புளம் வேறு. அது உள்ளேயிருந்து தின்றுகொண்டு வெளியே வருவது. ஸ்குரூடிரைவரால் அழுத்தினால் முனை உள்ளே இறங்கிவிடும். முதல் வகைக்கு உப்புத்தாளும் பிரைமரும் போதும். இரண்டாவதற்குத் தகடு வெட்டத்தான் வேண்டும்.

அண்ணாச்சி, மீன் லோடு அடிக்கிற வண்டி மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம் போகிறது?

கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. மீன் பெட்டியிலிருந்து ஐஸ் உருகி வழிகிற தண்ணீரில் இந்த உப்போடு மீன் கழிவும் சேரும். அது தளத்து இடுக்குகளில் இறங்கி, குறுக்குச் சட்டத்தின் மடிப்பில் போய் உட்காரும். மேலே காய்ந்ததுபோலத் தெரிந்தாலும் உள்ளே காயாது. கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடு கலந்திருக்கிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஆகவே மழையே இல்லாத பங்குனி, சித்திரையிலும் ராத்திரி நேரத்தில் துரு தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. குளோரைடு துருவின் அடியில், தகட்டின் நுண்ணிய குழிகளில் தங்கிவிடும். மேலே கிரைண்டர் ஓட்டி வெள்ளையாக்கிய தகட்டில் அடுத்த நாள் காலையில் கரும்புள்ளியாக ஈரம் கசிந்து நின்றால் உப்பு இன்னும் உள்ளே இருக்கிறது. அப்படியே பிரைமர் அடிக்காதீர்கள். நல்ல தண்ணீர் ஊற்றிக் கம்பிப் பிரஷால் தேய்த்துக் கழுவி, உடனே காயவைத்து, திரும்பவும் கிரைண்டர் ஓட்ட வேண்டும். கடற்கரை வண்டிகளுக்கு இந்தக் கழுவலை விட்டுவிட்டால் மேலே அடிக்கிற பெயிண்ட் எவ்வளவு உசத்தியானதாக இருந்தாலும் பயன் இல்லை. போர் தண்ணீரே உப்பாக இருக்கிற ஊர்க்காரர்கள் இதற்காகவாவது நல்ல தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

உப்பும் மீனும் ஏற்றாத வண்டிக்கு இந்தப் பயம் இல்லைதானே?

பொட்டாஷ் உரம் ஏற்றினால் அதுவும் பெரும்பாலும் குளோரைடுதான். யூரியா, சூப்பர் பாஸ்பேட் எல்லாம் ஈரம் பட்டால் தகட்டைத் தின்னும். ஆட்டு மூத்திரம், கோழி எரு இரண்டும் அப்படியே. வாழை ஏற்றுகிறவர்கள் வண்டியில் உப்பு இருக்காது, ஆனால் சருகு இருக்கும். நனைந்த சருகு தளத்தின் மூலையில் அடைந்துகொண்டால் நாள்கணக்கில் ஈரம் காயாது. லோடு இறக்கியதும் ஒரு துடைப்பம் போட்டுத் தள்ளினாலே பாதித் தொல்லை குறையும்.

2023 வெள்ளத்தில் வண்டி மூழ்கியது. அப்போது கழுவி ஓட்டிவிட்டோம். இப்போது கவலைப்பட வேண்டுமா?

வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணிக் கரையெல்லாம் தண்ணீரில் நின்றது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. அன்று மூழ்கிய வண்டிகளில் என்ஜினையும் வயரிங்கையும் கவனமாகப் பார்த்தார்கள். கதவுக்குள்ளும் பில்லருக்குள்ளும் (கதவு மாட்டும் தூணுக்குள்ளும்) போன வண்டலை யாரும் எடுக்கவில்லை. அப்படி மூழ்கிய வண்டியின் கதவு உள்மூடியைக் கழற்றினால் அடியில் ஒரு விரல்கடை உயரத்துக்குக் களிமண் பொருக்காகக் காய்ந்து கிடக்கும். அதில் உமி, கண்ணாடி ரப்பரின் துணுக்கு, துருப் பொருக்கு எல்லாம் சேர்ந்து கட்டியாகியிருக்கும். கையால் உடைத்து எடுத்தால் அடியில் தகடு ஈரமாகவே இருக்கும். ஒவ்வொரு மழையிலும் அந்த மண் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்கிறது. மூழ்கிய வண்டி வைத்திருப்பவர்கள் கதவு மூடிகள், மேட்டு, சீட்டு எல்லாவற்றையும் ஒரு தடவை கழற்றி, தண்ணீரைப் பீய்ச்சி வண்டலை வெளியேற்றி, நல்ல வெயிலில் திறந்துபோட்டுக் காயவையுங்கள்.

விரிசல் பல இடத்தில் இருக்கிறது. எது ஆபத்து, எது பரவாயில்லை?

லோடு பாடியின் பக்கத் தகடு, மட்கார்டு, டூல் பாக்ஸ் இவற்றில் விரிசல் விட்டால் சத்தம் வரும், அசிங்கமாக இருக்கும். உயிருக்கு ஆபத்து இல்லை. பின்கதவின் கீல், கொக்கி இரண்டிலும் விரிசல் என்றால் லோடு ரோட்டில் விழும், பின்னால் வருகிற இரு சக்கர வண்டிக்காரர்தான் மாட்டுவார். அதைத் தள்ளிப்போடக் கூடாது. கதவுக் கீல் பிடித்திருக்கும் பில்லர், சீட்டு பெல்ட் போல்ட் இறங்கும் இடம், கேபின் மவுண்டிங், ஸ்டியரிங் பாக்ஸ் சேசிஸில் உட்காரும் இடம், ஸ்பிரிங் தொங்கட்டான் பிராக்கெட், இந்த ஐந்தில் எதில் விரிசல் பார்த்தாலும் அன்றே வண்டியை நிறுத்துங்கள்.

கதவுக் கீலின் பக்கத்தில் விரிசல் எப்படித் தொடங்குகிறது என்று சொன்னால் மற்றதும் புரியும். கீல் பின் தேய்ந்து கதவு சற்றுத் தொங்கும். பூட்டு சரியாக விழாததால் ஓங்கிச் சாத்துவோம். ஒவ்வொரு சாத்தலிலும் கீல் போல்ட்டைச் சுற்றியுள்ள தகடு ஒரு மயிரிழை வளையும், நிமிரும். சில மாதத்தில் போல்ட் துளையின் விளிம்பில் நகக்கீறல்போல ஒரு கோடு தெரியும். பெயிண்ட் அந்த இடத்தில் வெடித்து ஓரம் செந்நிறமாக இருக்கும். அந்தக் கட்டத்தில் கீல் பின்னை மாற்றினால் பில்லர் தப்பிக்கும். அதை விட்டுவிட்டு விரிசலை மட்டும் வெல்டு வைத்தால், கதவு அதே மாதிரி தொங்கிக்கொண்டு, வெல்டுக்குப் பக்கத்திலேயே புது விரிசலை உண்டாக்கும்.

விரிசல் மேல் நேரே ஒரு வெல்டு இழுத்தால் போதாதா?

போதாது. விரிசலின் நுனி ஊசிபோல மெல்லியது. பாரம் எல்லாம் அந்த நுனியில்தான் வந்து குவியும். மேலே வெல்டு வைத்தாலும் நுனி அடியில் உயிரோடு இருந்தால் இன்னும் ஓடும். முதலில் பெயிண்டை எடுத்துவிட்டு நுனி எங்கே முடிகிறது என்று பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற இடத்தைத் தாண்டிச் சற்று ஓடியிருக்கும். அதன் முடிவில் 3 மில்லிமீட்டர் டிரில்லில் ஒரு துளை போட வேண்டும். வட்டமான துளையில் பாரம் பரவிவிடும், விரிசல் அங்கேயே நிற்கும். அப்புறம் கனமான தகடாக இருந்தால் விரிசல் நெடுக கிரைண்டரால் ஒரு வாய்க்கால் எடுத்து, வெல்டு அடிவரை இறங்கும்படி வைத்து, துளையையும் நிரப்பிச் சமமாகத் தேய்க்க வேண்டும்.

பலத்துக்கு மேலே தகடு போட வேண்டியிருந்தால் மூலைகளை வட்டமாக வெட்டுங்கள். சதுரமாக வெட்டி வைத்த பேட்ச்சின் கூர்மூலையில்தான் அடுத்த விரிசல் பிறக்கும். இன்னொரு பழக்கத்தையும் விட வேண்டும். "கனமாப் போடுங்க, போகாது" என்று சொல்லி, 1 மில்லிமீட்டர் தகட்டின் மேல் 3 மில்லிமீட்டர் பட்டையை வைக்கச் சொல்வார்கள். கனத்த பட்டை வளையாது, மெல்லிய தகடு வளையும். வளைகிறதும் வளையாததும் சந்திக்கிற கோட்டில் தகடு கிழிந்துவிடும்.

சேசிஸிலேயே விரிசல் இருந்தால்?

ரோட்டோரத்தில் வண்டியை நிறுத்தி ஆர்க் ராடு இழுக்கிற வேலை இல்லை இது. பாரத்தை இறக்கி, சேசிஸை நேராக நிறுத்தி, விரிசலின் காரணத்தைப் பார்த்து, உள்ளே பொருந்தும் வலுப்பட்டையை நீளமாகப் போட்டுச் செய்ய வேண்டும். மேல், கீழ் விளிம்புகளில் குறுக்காக வெல்டு வைப்பதும் புதிதாகத் துளை போடுவதும் சேசிஸைப் பலவீனமாக்கும். லாரி சேசிஸ் வேலை மட்டுமே செய்கிற பட்டறைகள் திருநெல்வேலியிலும் இருக்கின்றன, தூத்துக்குடியிலும் இருக்கின்றன. அங்கே கொண்டுபோங்கள். சேசிஸ் உள்ளிருந்தே துருப்பிடித்து அடுக்கடுக்காகப் பொருக்கு உரிகிற நிலைக்கு வந்திருந்தால் வெல்டு பிடிக்கவே நல்ல இரும்பு இருக்காது. அந்த வண்டியில் லோடு ஏற்றக் கூடாது.

ஓட்டையைப் பட்டி போட்டோ பைபர் (கண்ணாடி நார்) ஒட்டியோ அடைத்துவிடலாமா? விற்கப்போகிற வண்டிதானே.

பட்டி என்பது மேடு பள்ளத்தைச் சமன்செய்வதற்கு மட்டும்தான். இரண்டு, மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போனால் அதிர்வில் வெடிக்கும். ஓட்டையில் பட்டி போட்டால் பின்பக்கத்திலிருந்து ஈரத்தை உறிஞ்சி, சுற்றியுள்ள நல்ல தகட்டையும் கெடுக்கும். பைபர் சற்றுப் பரவாயில்லை, ஆனால் துருப்பிடித்த விளிம்பில் ஒட்டினால் அந்தத் துருவோடு சேர்ந்து கழன்று வரும். விற்பதற்காகப் பில்லரையும் தளத்தையும் பட்டியால் மூடித் தரச் சொல்கிறவர்களுக்கு நான் அந்த வேலை செய்துதருவதில்லை. வாங்குகிறவர் அதை நம்பித்தான் குடும்பத்தோடு உட்கார்ந்து ஓட்டப்போகிறார்.

எவ்வளவு தூரம் வெட்ட வேண்டும்? என்ன தகடு வாங்க வேண்டும்?

பளபளவென்று கெட்டித் தகடு வரும்வரை வெட்ட வேண்டும். ஓட்டை நாணய அளவு இருந்தால், வெட்டி முடிக்கும்போது உள்ளங்கை அளவுக்கு வருவது சாதாரணம். வண்டிக்காரருக்கு வயிற்றைக் கலக்கும்தான். ஆனால் மெலிந்துபோன விளிம்பில் வெல்டு வைத்தால் தீப்பட்டதும் அது உருகி ஓட்டை இன்னும் பெரிதாகும். அதைத் துரத்திக்கொண்டே போக வேண்டியிருக்கும்.

கேபின், கதவுத் தகட்டுக்கு 20 கேஜ் சி.ஆர். (பூச்சில்லாத வழவழப்பான இரும்பு) தகடு, அதாவது சுமார் 0.9 மில்லிமீட்டர். கேபின் தளத்துக்கு 18 கேஜ், சுமார் 1.2 மில்லிமீட்டர். லோடு பாடித் தளத்துக்கு 14 கேஜ், 2 மில்லிமீட்டர். கடைக்குப் போகும்போது வண்டியின் நல்ல தகட்டை அளந்துகொண்டு போய் அதே கனத்தை வாங்குவது எல்லாவற்றையும்விட நல்லது. ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) தகடு போட்டால் துருப்பிடிக்காதே என்று கேட்பார்கள். வெல்டு வைக்கிற இடத்தில் அந்தத் துத்தநாகப் பூச்சு எரிந்துபோய்விடும், மிச்சம் இருக்கும் இடத்தில் பெயிண்ட் பிடிக்கத் தனிப் பிரைமர் வேண்டும். எரியும்போது வருகிற வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் அன்று ராத்திரியே குளிர் காய்ச்சல் வரும். ஜி.ஐ. தான் போட வேண்டும் என்றால் விளிம்பில் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் வேலை செய்ய வேண்டும்.

புதுத் தகட்டைப் பழைய தகட்டின் மேல் ஏற்றி வைப்பதைவிட விளிம்போடு விளிம்பு பொருத்தி வைப்பது உத்தமம். ஏற்றி வைத்தால் இரண்டுக்கும் இடையில் தண்ணீர் புகும். வேறு வழியில்லாமல் ஏற்றித்தான் வைக்க வேண்டும் என்றால், இடையில் ஜிங்க் பிரைமர் அடித்து, வெல்டு முடிந்ததும் உள்ளும் வெளியும் சீலர் இழுத்துவிடுங்கள்.

ஆர்க், கேஸ், மிக், எதில் வெல்டு வைக்கச் சொல்ல வேண்டும்?

கேபின் தகட்டுக்கு மிக் வெல்டிங். நம் ஊரில் சி.ஓ.டூ. வெல்டிங் என்று சொல்வார்கள். 0.8 மில்லிமீட்டர் கம்பியில் பொட்டுப் பொட்டாக வைத்து, ஒரு பொட்டு இந்த ஓரம், அடுத்தது எதிர் ஓரம் என்று மாற்றி மாற்றிப் போனால் சூடு ஓர் இடத்தில் குவியாது, தகடு கோணாது. ஒரே இழுப்பாக இழுத்தால் கதவுத் தகடு அலை அலையாக நிற்கும். கேஸ் வெல்டிங்கில் சூடு அதிகம் பரவும். ஆனால் கைதேர்ந்த பழைய டிங்கர்கள் வெல்டு வைத்த சூட்டோடு சுத்தியலால் தட்டி நேராக்கிவிடுவார்கள். கேஸ் வெல்டு மிருதுவாக இருப்பதால் தட்டுக்கு இணங்கும். அப்படி ஒரு கைக்காரர் கிடைத்தால் தாராளமாகக் கேஸில் செய்யலாம். ஆர்க் வெல்டிங் லோடு பாடியின் சட்டங்களுக்கும் 2 மில்லிமீட்டர் தளத்துக்கும் சரி. கதவுக்கு வேண்டாம், பொத்துக்கொண்டு போகும்.

வெல்டிங் வைக்கும் முன் எதையெல்லாம் கழற்ற வேண்டும்?

பேட்டரியின் இரண்டு முனையையும் கழற்றுங்கள். காமன் ரயில் என்ஜின் வண்டியாக இருந்தால் ஈ.சி.எம். (என்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) பிளக்கையும் எடுத்துவிடுங்கள். எர்த் கிளாம்பை வெல்டு வைக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே பிடிக்க வேண்டும். எங்கேயோ பம்பரில் பிடித்துவிட்டுக் கேபினில் வெல்டு வைத்தால் கரண்ட் பேரிங் வழியாகவும் வயரிங் வழியாகவும் ஓடும். சீட்டு, மேட்டு, ரூஃப் துணி கழற்றப்பட்டிருக்க வேண்டும். சீட்டு பஞ்சு பற்றினால் அந்தப் புகை மனிதனைச் சாய்த்துவிடும். டீசல் டேங்குக்குப் பக்கத்தில் வேலை என்றால் டேங்கைக் கீழே இறக்காமல் தொடக் கூடாது. காலி டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்து, உள்ளே ஆவி இருக்கும். அதில் நேரே வெல்டு வைக்க யாரையும் விடாதீர்கள். சி.என்.ஜி. வண்டி என்றால் சிலிண்டரை அதற்குரிய ஆளை வைத்துக் கழற்றிய பிறகுதான் வேலை. பக்கத்தில் தண்ணீர் வாளியும் தீயணைப்பானும் இருக்கட்டும். வேலை முடிந்ததும் ஷட்டரை இழுத்துவிட்டு வீட்டுக்குப் போகாமல் அரை மணி நேரமாவது வண்டியைப் பார்த்துக்கொண்டிருங்கள். பில்லருக்குள் புகைகிற பஞ்சு பிறகுதான் பற்றும்.

கண்ணாடி போடாமல் கிரைண்டர் ஓட்டுகிற பையன்களை இன்றும் பார்க்கிறேன். ஒரு துருத்தூள் கண்ணில் ஏறினால் போதும். வண்டிக்காரர் பட்டறையில் நிற்கும்போது பையனிடம் "கண்ணாடியப் போடுப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

துருவைக் கருப்பாக்கி நிறுத்தும் மருந்து கடையில் கிடைக்கிறது. அதை அடித்தால் வெட்ட வேண்டாமா?

ரஸ்ட் கன்வெர்ட்டரைத்தான் கேட்கிறீர்கள். அதில் பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ இருக்கும். மெல்லியதாகப் படிந்த துருவை அது கெட்டியான படலமாக மாற்றும். கிரைண்டர் எட்டாத இடுக்குகளுக்கு நல்லது. கனமான பொருக்கின் மேல் அடித்தால் மேல் அடுக்கு மட்டும் மாறும், அடியில் உயிர்த் துரு அப்படியே இருக்கும். தகட்டுக்குப் பலம் தராது, ஓட்டையையும் அடைக்காது. பொருக்கைச் சுரண்டி எடுத்த பிறகு அடியுங்கள். டப்பாவில் கழுவச் சொல்லியிருந்தால் கழுவுங்கள்.

பிரைமர், பட்டி, பெயிண்ட், எதன் மேல் எது?

தேய்த்து முடித்த தகட்டைத் தின்னர் துணியால் துடைத்து, அன்றைக்கே எபாக்சி பிரைமர் அடிக்க வேண்டும். வெறும் தகட்டை ராத்திரி முழுக்க விட்டால் காலையில் செம்படலம் வந்திருக்கும். எபாக்சி காய்ந்ததும் உப்புத்தாளால் சற்றுச் சொரசொரப்பாக்கி, அதன் மேல் மெல்லிய பட்டி, தேய்ப்பு, சர்பேசர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் சமன்பூச்சு), பெயிண்ட். பல பட்டறைகளில் வெறும் தகட்டில் பட்டி போடுவார்கள். பிடிக்கும், ஆனால் பட்டியில் எங்காவது கீறல் விழுந்தால் ஈரம் நேரே தகட்டுக்குப் போய்விடும். எபாக்சி மேல் பட்டி போட்டால் அந்த ஒரு காவல் அடியில் இருக்கிறது. பட்டியை ஈரத்துணி வைத்தோ தண்ணீர் ஊற்றியோ தேய்க்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுங்கள். குடித்த தண்ணீரைப் பட்டி பிறகு பெயிண்டுக்கு அடியில் கொப்புளமாக வெளியே தள்ளும்.

ரெட் ஆக்சைடு மட்டும் அடித்துவிட்டு "பிறகு பெயிண்ட் பண்ணிக்கிடலாம்" என்று ஓட்டுவது நம் பக்கம் அதிகம். ரெட் ஆக்சைடு ஈரத்தை முழுதாகத் தடுக்காது. மேலே பெயிண்ட் வந்தால்தான் அது வேலை செய்யும். சேசிஸ், லோடு பாடி அடிப்பக்கத்துக்கு எபாக்சி, அதன் மேல் சேசிஸ் கருப்பு போதும்.

ஹார்டனர் கலக்கிற பெயிண்ட் அடிக்கும்போது சாதாரணத் துணி முகமூடி காப்பாற்றாது. அதற்குரிய கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வேண்டும், இல்லாவிட்டால் வருஷக்கணக்கில் இழுப்பு வரும்.

அடியில் பழைய என்ஜின் ஆயில் அடித்தால் துரு வராது என்கிறார்களே?

கொஞ்ச நாள் வராது என்பது உண்மைதான். ஆனால் கழிவு ஆயிலில் அமிலமும் கரியும் இருக்கும். ரப்பர் புஷ்களை ஊறவைத்துக் கெடுக்கும், செம்மண் தூசியைப் பிடித்துக் கெட்டியாக அப்பிக்கொள்ளும். மழையில் கழுவி வயலுக்கும் குளத்துக்கும் போகும். அடிக்கடி அதைத் தொடுகிறவர் தோலுக்கும் கேடு. பிரேக்கில் பட்டால் சொல்லவே வேண்டாம். அதற்குப் பதில் கேவிட்டி வாக்ஸ் என்று கிடைக்கும் மெழுகுப் பூச்சைக் கதவுக்குள்ளும் பில்லருக்குள்ளும் நீண்ட குழாய் வைத்து அடியுங்கள். வெல்டு வைத்த இடத்தின் பின்பக்கம் பூச்சு எரிந்துபோய் வெறும் இரும்பாக நிற்கும். கைபோகாத அந்த இடத்துக்கு வாக்ஸ்தான் வழி. முன்பக்கம் ஜம்மென்று பெயிண்ட் அடித்துப் பின்பக்கத்தை அப்படியே விட்ட வேலைகள்தான் சீக்கிரம் திரும்பி வருகின்றன.

தார் மாதிரியான அண்டர்பாடி கோட்டிங்கைத் துருவின் மேல் அடிக்காதீர்கள். ஈரத்தை உள்ளே பூட்டிவிடும், நமக்கும் தெரியாது.

லோடு பாடித் தளம் அரித்துவிட்டது. மேலே ஒரு அலுமினியத் தகடு விரித்துவிடலாமா?

இது நிறையப் பேர் செய்கிற காரியம். அலுமினியமும் இரும்பும் உப்புத் தண்ணீரில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்துப் போகும். தொடுகிற இடமெல்லாம் வெள்ளைப் பொடியாக உதிரும். இரண்டுக்கும் இடையில் புகுந்த தண்ணீர் வெளியேறாமல் இரும்புத் தளத்தையும் தின்னும். பழைய தளத்தை வெட்டி எடுத்து, அடியில் உள்ள குறுக்குச் சட்டங்களைப் பார்த்து, கெட்டதை மாற்றி, இரண்டு பக்கமும் எபாக்சி அடித்த பிறகு புதுத் தளம் போடுங்கள். மேலே அலுமினியம் வேண்டும் என்றால் நடுவில் ரப்பர் விரிப்பு இருக்கட்டும், ரிவெட் துளைகளில் சீலர் வையுங்கள். சேசிஸுக்கும் பாடிக்கும் நடுவில் வைத்திருக்கும் மரப் பட்டையையும் அப்போதே பாருங்கள். ஊறிப்போன மரம் சேசிஸின் மேல்விளிம்பை வருஷம் முழுக்க ஈரமாகவே வைத்திருக்கும்.

எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) இதெல்லாம் பார்ப்பார்களா? ஆர்.டி.ஓ. அனுமதி எதற்கு வேண்டும்?

போக்குவரத்து வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை எஃப்.சி., அதன் பிறகு ஆண்டுதோறும். இருந்த தகட்டை அதே மாதிரி மாற்றுவது பழுதுபார்ப்பு. பாடியின் உயரம், நீளம் கூட்டுவது, கூண்டு கட்டுவது, நிறத்தை மாற்றுவது எல்லாம் மாற்றம். அதற்கு முன்கூட்டியே அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். சேசிஸ் நம்பர் அடித்திருக்கும் இடத்தில் கிரைண்டர் படவே கூடாது. அங்கே துரு ஏறியிருந்தால் மண்ணெண்ணெய்த் துணியால் மெதுவாகத் துடைத்து, நம்பர் தெரிகிற மாதிரி மெல்லிசாக ஏதாவது பூசுங்கள். நம்பர் அழிகிற நிலை என்றால் வேலையைத் தொடங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் போய்ச் சொல்லிவிடுங்கள்.

எந்த மாதத்தில் வேலைக்கு விடுவது நல்லது?

மாசியிலிருந்து வைகாசி வரை. ஐப்பசி, கார்த்திகை மழையில் தகடு காயாது, பெயிண்ட் வெளிறும். ஆடிக் காற்றில் திறந்த பட்டறையில் பெயிண்ட் அடித்தால் மேலே மண் ஒட்டும். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் என்றால் சாரல் மாதங்களையும் தவிர்த்துவிடுங்கள்.

எப்போது இனி வேண்டாம் என்று விடலாம்?

கேபின் மவுண்டிங் எல்லாமே போய், பில்லர் அடியும் போய், தளத்தில் பாதி இல்லை என்றால் துண்டு துண்டாக ஒட்டுப்போடுவது வீண். சேசிஸ் நன்றாக இருந்தால் நல்ல பழைய கேபின் ஒன்றைப் பார்த்து மாற்றுவது சில சமயம் மலிவாக முடியும். அதற்கான காகித வேலையை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். சேசிஸும் போயிருந்தால் என்ஜினும் கியர் பாக்ஸும் எவ்வளவு நன்றாக ஓடினாலும் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். பிழைப்பு தந்த வண்டி, மனசு கேட்காது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு அதில் போகக் கூடாது.

பட்டறையில் வண்டியை விடும்போது என்ன கேட்டு வாங்க வேண்டும்?

வெட்டி எடுத்த துருத் தகட்டைக் காட்டச் சொல்லுங்கள். வெல்டு முடிந்து பட்டி போடும் முன்பு ஒரு தடவை கூப்பிடச் சொல்லி நேரில் போய்ப் பாருங்கள், முடியாவிட்டால் போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். வெல்டில் துளை இருக்கிறதா என்று ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பார்த்தால் தெரியும். நல்ல டிங்கர் இதற்குக் கோபப்பட மாட்டார். பட்டிக்கு அடியில் இருக்கிற தன் வேலையை யாராவது பார்க்க மாட்டார்களா என்றுதான் அவருக்கும் இருக்கும்.

நாங்களே வீட்டில் செய்யக்கூடியது என்ன?

கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைகள் இருக்கும். அதை மாதம் ஒரு முறை ஒரு கம்பியால் குத்திவிடுங்கள். மீன், உப்பு, உரம், ஆடு ஏற்றிய அன்றே நல்ல தண்ணீரால் கழுவுங்கள், மேல்பக்கத்தைவிட அடிப்பக்கத்தை அதிகமாகக் கழுவுங்கள். சட்டங்களின் மடிப்புக்குள் குழாயை வைத்துத் தண்ணீர் தெளிவாக வெளியே வரும்வரை விடுங்கள். கழுவிய பிறகு வண்டியைச் சரிவில் நிறுத்தி, பின்கதவைத் திறந்துபோட்டு வடியவிடுங்கள். மேட்டு நனைந்தால் வெயிலில் போடுங்கள், நனைந்த மேட்டைத் திரும்ப விரிக்க வேண்டாம். கல் தெறித்துப் பெயிண்ட் போன இடத்தில் உப்புத்தாளால் தேய்த்து ஒரு சொட்டுப் பிரைமர், மேலே ஒரு சொட்டுப் பெயிண்ட் வைத்துவிடுங்கள். சின்ன பிரஷும் இரண்டு டப்பாவும் சீட்டுக்கு அடியில் கிடந்தால் போதும்.